கோடிங் செய்யுமுன் வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

புதிதாகக் கார் வாங்கியவருக்கு முதல் மாத மகிழ்ச்சி அடங்கியதும் சின்னச் சின்ன ஆசைகள் எழத் தொடங்கும். கதவைப் பூட்டினால் பக்கக் கண்ணாடிகள் தாமாக மடங்க வேண்டும். ரிமோட்டை அழுத்திப் பிடித்தால் ஜன்னல்கள் இறங்க வேண்டும். வண்டி நிற்கும்போதெல்லாம் என்ஜினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதியை ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அணைத்துக்கொண்டிருக்கும் தொல்லை ஒழிய வேண்டும். தீப்பெட்டி அளவே உள்ள ஓர் அடாப்டரும் கைப்பேசிச் செயலியும் இருந்தால் இவற்றுள் பலவும் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைகள்; கோடிங் என்பது இதைத்தான். ஆனால் செயலியில் விரல் வைக்குமுன் எல்லோர் மனத்திலும் ஒரே கேள்விதான் எழுகிறது: வாரண்டி போய்விடுமா?

இதற்குப் புழக்கத்தில் இரண்டு பதில்கள் உண்டு. தொட்டாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்பது ஒன்று. சர்வீஸுக்கு விடுமுன் பழையபடி மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பியவர்கள் நஷ்டப்படுகிறார்கள். முன்னதை நம்புபவர், நியாயமாகக் கிடைக்கவேண்டிய பழுதுபார்ப்பைக் கேட்காமலேயே கைப்பணத்தைச் செலவிடுகிறார். பின்னதை நம்புபவர், மறைக்கத் தேவையே இல்லாத ஒரு மாற்றத்தை மறைக்கப்போய்த் தம் பேச்சின் மீதான நம்பிக்கையை இழக்கிறார். உண்மையில் வாரண்டி ஒரேயடியாகப் போவது அரிது. பழுதான பாகத்துக்கும் நீங்கள் செய்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற இடத்தில்தான் அது நிற்பதும் போவதும் முடிவாகிறது. அந்தத் தொடர்பை முன்கூட்டியே எடைபோடுவதற்கும், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்வதற்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதை மாற்றப்போகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள்

இன்றைய காருக்குள் ஈசியூ எனப்படும் சிறு கணினிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, விளக்கு, பூட்டு, ஜன்னல் முதலியவற்றைக் கவனிக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் ஒன்று என்று பட்டியல் நீளும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற தகவல் பாதையை பாஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி 1986-இல் வெளியிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் இருக்கும் 16 ஊசிகள் கொண்ட, பழுதறியும் கருவியை மாட்டும் ஓபிடி போர்ட் இந்தக் கணினிகளை அணுகுவதற்கான வாசல். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் இது கட்டாயமானது. புகை தொடர்பான பழுதுகளைக் கண்டுபிடிப்பதற்காக வைக்கப்பட்ட அந்த வாசல் வழியாகத்தான் நாம் விருப்பத்துக்கேற்ற மாற்றங்களையும் செய்கிறோம்.

காரின் திரையிலேயே உள்ள செட்டிங்ஸ் மெனுவில் நீங்கள் செய்யும் மாற்றம் எதுவும் வாரண்டியைத் தொடாது. நிறுவனம் உங்கள் கையில் கொடுத்த உரிமை அது. அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

அடுத்தது கோடிங். ஒரே மாடல் கார் பல நாடுகளுக்கும் பல விலைப்பிரிவுகளுக்கும் போவதால், எல்லா வசதிகளுக்குமான மென்பொருளையும் மாட்யூலுக்குள் வைத்துவிட்டு, எது இயங்கவேண்டும், எது உறங்கவேண்டும் என்பதை மட்டும் சில எண்களால் நிறுவனம் குறித்துவைக்கிறது. அதை அருகில் சென்று பார்த்தால் பயம் தெளியும். ஒரு மாட்யூலின் கோடிங் என்பது, பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்முறையில் இரண்டிரண்டு இலக்கங்களாக நீளும் ஒரு வரி. அதில் ஓர் இடத்தில் 08 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 0000 1000. செயலியில் ஒரு கட்டத்தை டிக் செய்ததும் அது 0001 1000 ஆகிறது, அதாவது ஹெக்ஸ் முறையில் 18. எட்டு சுவிட்சுகளில் ஒன்று மேலே தள்ளப்பட்டது, அவ்வளவுதான். புதிய நிரல் எதுவும் எழுதப்படவில்லை. தொழிற்சாலையிலேயே இருந்த ஒரு தேர்வு மாற்றப்பட்டிருக்கிறது. இதனால்தான் வசதி சார்ந்த கோடிங் மாற்றங்களைப் பல சர்வீஸ் சென்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அதே முறையில், அதே செயலியில், அதே மாதிரி ஒரு டிக்கில் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியையும் நிறுத்த முடிகிறது. ஓடும்போது திரையில் வீடியோ ஓடவும் செய்ய முடிகிறது. பிரேக், ஸ்டியரிங், ரேடார் சார்ந்த மாட்யூல்களின் அளவுகளையும் கலைக்க முடிகிறது. மாற்றும் முறை ஒன்று என்பதால் விளைவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் காக்கும் மாட்யூல்களைத் தொடுவது வாரண்டியோடு நிற்காமல் காப்பீடு, சட்டப் பொறுப்பு ஆகியவற்றுக்குள்ளும் போகிறது. புதியவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசி வகை ஃபிளாஷிங். ரீமேப், டியூனிங், ஸ்டேஜ் ஒன்று என்று சொல்லப்படுவதெல்லாம் இதுதான். என்ஜின் ஈசியூவில் உள்ள மென்பொருளையே திருத்தி எழுதி, டர்போவின் அழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் இக்னிஷன் நேரத்தையும் மாற்றுகிறார்கள். ஓட்டும்போது கிடைக்கும் கூடுதல் இழுவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வரை ஒவ்வொரு பாகத்தின் மேலும் சுமையாக இறங்குகிறது. நிறுவனம் எந்தச் சுமைக்குக் கணக்கிட்டு அந்தப் பாகங்களுக்கு உத்தரவாதம் கொடுத்ததோ, அந்தக் கணக்கையே நாம் மாற்றிவிடுகிறோம். டீசல் கார்களில் புகை வடிகட்டியையும், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வையும் மென்பொருளால் முடக்குவது இதைவிட மோசம். பல நாடுகளில் அது நேரடியாகவே சட்டவிரோதம்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வோல்வோ கார்களுக்குப் போல்ஸ்டார் என்ற பெயரில் வந்த மென்பொருள் மேம்பாடு போல, நிறுவனமே அங்கீகரித்து டீலர் வழியாகவே ஏற்றித்தரும் டியூனிங் உண்டு. அதில் தொழிற்சாலை வாரண்டி அப்படியே தொடர்ந்தது. கூடுதல் சக்தி கட்டாயம் வேண்டும் என்பவர்கள், தங்கள் காருக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

இரண்டாம் படி: வாரண்டிப் புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள்

வாரண்டி என்பது மூலப்பொருளிலோ உற்பத்தியிலோ உள்ள குறைக்கு நிறுவனம் கொடுக்கும் வாக்குறுதி. பெரும்பாலான கார்களுக்கு அது ஒரே வாக்குறுதியாக இருப்பதில்லை. முழு வண்டிக்கு ஒன்று, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒன்று, துருப்பிடிப்புக்கு ஒன்று, மின்சாரக் கார்களின் பெரிய பேட்டரிக்கு ஒன்று எனத் தனித்தனிக் காலமும் தனித்தனி நிபந்தனையும் இருக்கும். பேட்டரிக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர். உங்கள் மாற்றம் இவற்றுள் எதைத் தொடுகிறது என்று பாருங்கள்.

விதிவிலக்குகள் என்ற பகுதியில் வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்பதில் முழுக் கவனமும் இருக்கட்டும். "அங்கீகரிக்கப்படாத மாற்றத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி இல்லை" என்பதற்கும், "அங்கீகரிக்கப்படாத மாற்றம் செய்யப்பட்ட வாகனத்துக்கு வாரண்டி இல்லை" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் வாக்கியம் காரணத்தைக் கேட்கிறது. இரண்டாவது காரணத்தைக் கேட்காமலேயே கதவைச் சாத்தப் பார்க்கிறது. மென்பொருள், மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு, டியூனிங், பிற நிறுவனக் கருவிகள் ஆகிய சொற்கள் வரும் வரிகளையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டியை வேறொரு காப்பீட்டு நிறுவனம் கொடுத்திருந்தால் அதன் ஒப்பந்தத்தைத் தனியாகப் படியுங்கள். தொழிற்சாலை வாரண்டியைவிட அது கறாராக எழுதப்பட்டிருப்பது வழக்கம்.

புத்தகத்தில் எழுதியிருப்பதெல்லாம் இறுதி வார்த்தை ஆகிவிடாது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னுசன் மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோதான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டியை நிபந்தனையாக்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே வேறு பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே மறுத்துவிட முடியாது. அதுதான் சேதத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், நிறுவனம் விரும்பிக் கொடுக்கும் வாரண்டிக்கு அப்பால், புதிய பொருளுக்கு விற்பனையாளர் குறைந்தது 2 ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பேற்கிறார். முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்தது என்றுதான் பொதுவாகக் கருதப்படும். நீங்கள் இருக்கும் நாட்டில் இதற்கு இணையான சட்டம் என்ன சொல்கிறது என்பதை, கிளெய்ம் மறுக்கப்படும் நாள்வரை காத்திராமல் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தொடர்பை நீங்களே எடைபோடுங்கள்

பகல்நேர விளக்கின் அமைப்பை மாற்றியிருக்கிறீர்கள். ஏசி கம்ப்ரஸர் பழுதாகிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தயங்காமல் கிளெய்ம் கேளுங்கள். அதே விளக்கின் வெளிச்சத்தைக் கோடிங்கில் கூட்டிவைத்து, விளக்கோ அதை இயக்கும் மாட்யூலோ எரிந்துபோனால் தொடர்பு நேரடியானது; கேட்பதற்கு முகமில்லை. என்ஜினை ரீமேப் செய்தபின் டர்போ போனாலும் கிளட்ச் தேய்ந்தாலும் மறுப்பு வரும் என்று எதிர்பாருங்கள். அதே காரில் ஜன்னல் சுவிட்ச் உடைந்தால் அது தனிக் கதை.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். கண்ணாடி தாமாக மடங்கும்படி கோடிங் செய்தபின் கண்ணாடியின் மோட்டார் பழுதாகிறது. இந்த வசதி உங்கள் மாடலின் உயர்பிரிவில் இதே மோட்டாரோடு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது என்றால் உங்கள் வாதத்துக்குப் பலம் உண்டு. உங்கள் பிரிவில் வேறு மோட்டார் பொருத்தப்பட்டிருந்தால் பலம் அவர்கள் பக்கம். ஆகவே ஒரு வசதியை இயக்குமுன், அதற்கான வன்பொருள் உங்கள் காரில் உண்மையிலேயே இருக்கிறதா, உயர்பிரிவில் உள்ளதும் அதே பாக எண்தானா என்று பாருங்கள். பாக எண் பெரும்பாலும் பாகத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

நான்காம் படி: சுவடு இருக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள்

"பழையபடி வைத்துவிட்டால் தெரியாது" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ, அது பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில், கோடிங் எழுதிய கருவியின் பணிமனை எண் மாட்யூலுக்குள்ளேயே பதிவாகிறது. பல ஈசியூக்களில் எத்தனை முறை ஃபிளாஷ் செய்யப்பட்டது என்ற கணக்கு இருக்கிறது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் அந்தக் கணக்கு குறைவதற்குப் பதிலாக ஒன்று கூடுகிறது. ஓபிடி தரத்தின் ஒன்பதாம் சேவை வழியாக, ஈசியூவில் உள்ள அளவீடுகளிலிருந்து கணக்கிடப்படும் சிவிஎன் என்ற சரிபார்ப்பு எண்ணைப் படிக்கலாம். மென்பொருள் மாறியிருந்தால் அந்த எண் தொழிற்சாலை எண்ணோடு ஒத்துப்போகாது. பழுதைக் குறிக்கும் எண்ணான ஃபால்ட் கோட் ஒன்று பதிவாகும்போது அந்தக் கணத்தில் என்ஜின் வேகம் என்ன, வெப்பம் என்ன, சுமை என்ன என்ற படமும் கூடவே உறைந்து நிற்கிறது. பல கார்களில் ஓடிய கிலோமீட்டரும் அதோடு பதிகிறது.

அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன், ஆடி டீலர்கள் என்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டதைக் கண்டால் டிடி1 என்ற குறியை அந்தக் காரின் சேசிஸ் எண்ணோடு சேர்த்துப் பதிகிறார்கள். பதிந்தபின் என்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த கிளெய்ம்கள் அந்தக் குறியில் முட்டி நிற்கும். பதிவு காரின் பெயரில் இருப்பதால் வேறு டீலரிடம் போனாலும் அது கூடவே வரும்.

இதோடு இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மாற்றியதைச் சொன்னால் நடப்பது ஒரு வாதம். மாற்றவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபின் சுவடு அகப்பட்டால் அது பொய்க் கிளெய்ம். வெல்லக்கூடிய வழக்கைத் தோற்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

புதிய கார்களில் வாசலுக்கே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஃபியட் கிறைஸ்லர் கார்களில் 2018 மாடல்களிலிருந்து பாதுகாப்பு கேட்வே வந்தது. எட்டாம் தலைமுறை கோல்ஃப் முதல் ஃபோக்ஸ்வேகன், எஸ்எஃப்டி என்ற பூட்டை வைத்தது. அதைத் திறக்க நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு டோக்கன் வாங்க வேண்டும். வாகன இணையப் பாதுகாப்புக்கும் மென்பொருள் புதுப்பிப்புக்கும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 155, 156 எண் விதிகள் 2021-இல் நடைமுறைக்கு வந்தபின் இத்தகைய பூட்டுகள் பெருகின. பூட்டு இருக்கும் காரில் வயரை வெட்டி இணைத்தோ இடைக்கருவி செருகியோ உள்ளே போகாதீர்கள். ஒரு டிக் மட்டுமே மாற்றியதாகச் சொல்லும் உங்கள் வாதத்தை அந்த வயர் வெட்டு ஒன்றே அழித்துவிடும்.

ஐந்தாம் படி: வேலையைத் தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும்

அடாப்டரைச் செருகியதும் எதையும் மாற்றாமல், முழுக் காரையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு மாட்யூலின் பெயர், மென்பொருள் எண், கோடிங் வரி, ஏற்கெனவே இருக்கும் ஃபால்ட் கோடுகள் ஆகிய எல்லாவற்றையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் சேமித்து, ஒரு நகலைக் கைப்பேசிக்கு வெளியே வையுங்கள். உங்கள் கை படுமுன்பே ஒரு பழுது இருந்தது என்பதற்கு நாளைக்கு நீங்கள் காட்டக்கூடிய ஒரே சான்று இதுதான்.

பிறகு பேட்டரி. என்ஜினை அணைத்து இக்னிஷனை மட்டும் போட்டு வைத்திருக்கையில் எல்லா மாட்யூல்களும் விழித்திருந்து மின்சாரத்தை இழுக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவே மின்னழுத்தம் சரிந்தால் எழுத்து பாதியில் நின்று மாட்யூல் உயிரற்றுப் போகலாம். அப்படிப் போன மாட்யூலில் உற்பத்திக் குறை எதுவும் இல்லாததால் வாரண்டியில் அதற்கு இடமே இல்லை. ஓரிரு மாற்றங்களுக்கு நல்ல நிலையிலுள்ள பேட்டரி போதும். நீண்ட வேலை என்றால் நிலையான மின்னழுத்தம் தரும் சார்ஜரை மாட்டிவிட்டே உட்காருங்கள். விலை மலிந்த, பெயர் தெரியாத அடாப்டர்களைப் படிப்பதற்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம், எழுதுவதற்கு வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். எழுதியதும் திரும்ப ஸ்கேன் செய்து, புதிய ஃபால்ட் கோட் வந்திருந்தால் அப்போதே பின்வாங்குங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாட்யூலின் பெயர், பழைய எண், புதிய எண் என ஐந்து பத்திகள் போட்டு எழுதி வாருங்கள்.

இந்த நோட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. என் முதல் காரில், பகல்நேர விளக்கோடு பின்விளக்கும் எரியும்படி மாற்றியிருந்தேன். சில வாரங்கள் கழித்து, அடுத்தடுத்து இரண்டு காலைகளில் பேட்டரி செத்துக்கிடந்தது. சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரை மாட்டியதுமே, "இந்த மாட்யூல்ல ஏதோ மாத்தியிருக்கீங்க போலிருக்கே சார்" என்றார். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் பழைய எண்ணைப் பார்த்து அங்கேயே திரும்ப எழுதி, மின் கசிவை அளக்கும் மீட்டரை மாட்டி வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்தார். கசிவு நிற்கவில்லை. மறுநாள், அணைந்தபின்னும் ஒட்டிக்கொண்டே நின்ற ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அகப்பட்டது. ரிலே வாரண்டியில் மாறியது. அந்தப் பழைய எண் என்னிடம் இல்லாதிருந்தால், சந்தேகம் என் கோடிங் மேலேயே நின்றிருக்கும்; அதை விலக்கிக் காட்ட என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

ஆறாம் படி: சர்வீஸுக்கு விடும்போதும், மறுப்பு வந்தாலும்

மென்பொருள் புதுப்பிப்பு நடக்கப்போகிறது என்றால், உங்கள் கோடிங் அழிந்துபோகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வண்டியை விடுங்கள். அதற்கு முன் தொழிற்சாலை எண்களுக்குத் திரும்புவது நல்லது. மாற்றிய கோடிங்கோடு புதுப்பிப்பு மோதிப் பாதியில் நின்ற நிகழ்வுகள் உண்டு. இப்படித் திரும்புவதை மறைப்பாக எண்ண வேண்டாம். என்ன மாற்றியிருந்தேன், எப்போது திருப்பினேன் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிட்டால் போதும். அழிந்த கோடிங்கைத் திரும்பப் போட்டுத்தரும் கடமை அவர்களுக்கு இல்லை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் கவுண்டரில் நின்று குரலை உயர்த்தாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம் பழுதானது, எந்த மாற்றம் அதற்குக் காரணம், அந்த முடிவுக்கு எந்த அளவீட்டின்படி வந்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் நகலையும், கழற்றிய பாகத்தைப் பார்க்கும் வாய்ப்பையும் கேளுங்கள். "கோடிங் செய்திருக்கிறீர்கள், ஆகவே இல்லை" என்ற அளவில் பதில் வந்தால், அது பெரும்பாலும் டீலர் நிலையில் எடுத்த முடிவாக இருக்கும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நோட்டின் நகலையும் முதல் ஸ்கேனையும் இணைத்து எழுதுங்கள். அங்கும் நகராவிட்டால், தனியார் பொறியாளர் ஒருவரிடம் ஆய்வறிக்கை வாங்கிக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பழுதான பாகத்தை அப்புறப்படுத்த விடாதீர்கள். பாகம் போனால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது.

காரை விற்கும் நாள் வந்தால் மீதமுள்ள தொழிற்சாலை வாரண்டி பொதுவாகக் காரோடு அடுத்தவருக்குப் போகும். நீங்கள் விட்டுச்செல்லும் கோடிங்கும் கூடவே போகிறது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் அப்போது அவர். எல்லாவற்றையும் தொழிற்சாலை எண்களுக்குத் திருப்பிக் கடைசியாக ஒரு முழு ஸ்கேன் எடுங்கள். அவருக்குப் பிடித்த மாற்றம் ஏதேனும் இருந்து, அப்படியே விடச் சொன்னால் அதையும் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டை வாரண்டிப் புத்தகத்தோடு சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்துச் சாவியைக் கொடுங்கள்.